ஜில் மோரும் கருகல் வாசனையும்

பாய்மரப் படகுக்கு எதற்கு எஞ்சின் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காற்று அடித்தால் பாய், அடிக்காவிட்டால் பொறுமை என்றுதான் கொலம்பஸ் காலத்தில் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் கொலம்பஸுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் கிடையாது. என் அத்தானுக்கு உண்டு.

கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்கே, ஓக்லண்ட் நகரத்துக்கும் அலமீடா என்ற தீவுக்கும் நடுவில் ஒரு நீர்ச்சந்து இருக்கிறது. ஓக்லண்ட் பக்கம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி கிரேன்கள் வரிசையாக நிற்கும். கன்டெய்னர் கப்பல்கள் வந்து அவற்றின் காலடியில் படுத்துக்கொள்ளும். அலமீடா பக்கம் சின்னச் சின்னப் படகுகள். அவற்றைக் கட்டி வைக்கிற துறைக்கு மரீனா என்று பெயர். (சுண்டல் கிடைக்காது.) அங்கேதான் அத்தானின் படகும் நிற்கிறது. 30 அடி நீளம். 1983-ல் கட்டியது, அதாவது என்னைவிட மூத்தது. விலை 7,000 டாலர். அந்த ஊரில் அந்த விலைக்குச் சுமாரான பழைய கார்தான் வரும். காரை யாரும் வாங்கிய பிறகு மாதாமாதம் வாடகை கட்டித் தண்ணீரில் நிறுத்துவதில்லை என்பது அக்காவின் கட்சி.

எஞ்சின் அடிப்படையில் ஜப்பானியக் குபோட்டா. நம் தஞ்சாவூர்ப் பக்க வயல்களில் இறங்குகிற அதே வம்சம். மூன்று சிலிண்டர் டீசல், 21 குதிரைச் சக்தி. வயலுக்குப் பிறந்த அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்து, உப்புத் தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர், சாவி, மீட்டர், ஒயர் எல்லாம் மாட்டிக் கடலுக்கு அனுப்பியது வேறொரு கம்பெனி. பெயர் வேண்டாம். நாற்பது வருஷம் ஓடிய பண்டத்துக்குக் கேஸ் போட முடியாது.

2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அத்தான், அக்கா, ஒன்பது வயது அக்கா மகள் மூவரும் டிரெஷர் ஐலண்ட் பக்கத்தில் கிளிப்பர் கோவ் என்ற இடத்தில் நங்கூரம் போட்டு, புளியோதரை சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, சாயங்காலம் எஞ்சின் போட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நீர்ச்சந்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. பின்னால் ஒரு கன்டெய்னர் கப்பல்.

இந்த இடத்தில் ஒரு சட்டம் சொல்ல வேண்டும். கடல் போக்குவரத்து விதிகளில் 9-வது, 20 மீட்டருக்குக் குறைந்த படகுகளும் பாய்மரப் படகுகளும், குறுகலான கால்வாயில் மட்டுமே போக முடிகிற பெரிய கப்பலுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்கிறது. கப்பல் நினைத்தாலும் ஒதுங்க முடியாது, பிரேக்கும் கிடையாது. அதனிடம் இருப்பது ஹார்ன்தான். சின்னச் சின்னதாக ஐந்து தடவை அடித்தால், "நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று அர்த்தம். ஐந்தும் அடித்தது. அத்தானுக்கே புரியாதபோது கப்பலுக்கு எங்கே புரியும்? பாயின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து, மேற்குக் காற்றின் தயவில் கரையோரமாக ஒதுங்கிவிட்டார்கள். கப்பல் தாண்டிப் போனபோது அதன் சுவர் முடியவே முடியாதது மாதிரி இருந்ததாக அக்கா மகள் படம் வரைந்து காட்டினாள். ஒரு பேப்பர் போதாமல் நாலு பேப்பரை ஒட்டியிருந்தாள்.

அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது.

இப்படி அது மூன்றாவது தடவை. மெக்கானிக்குகள் மூன்று முறை வந்தார்கள். டீசலில் காற்று என்றார்கள், ஃபில்டர் மாற்றினார்கள், டாங்க்கைச் சுத்தம் செய்தார்கள். துறையில் கட்டிவைத்தே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். மணியாகச் சுற்றியது. மொத்தம் 1,150 டாலர். அக்கா ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "குழந்தை இனிமே அதுல ஏறாது."

நான் ஜூன் மாதம் அங்கே போய்ச் சேர்ந்தபோது வீட்டில் நிலவரம் இதுதான்.

"மாப்ளே, ரெண்டு மாசம் சும்மாதானே இருக்கப்போறே? ஒரு கை குடு" என்றார் அத்தான்.

"அத்தான், நான் பி.காம்."

"அதனால என்ன? பியூஸ் போடத் தெரியும்ல?"

தெரியும். அது மட்டும்தான் தெரியும். ஆனால் சாவிப் பலகையைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தவுடன், இது எலெக்ட்ரிகல் இன்ஜினீயர் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை, ஆடிட்டர் பார்க்க வேண்டிய விஷயம் என்று எனக்குப் பட்டது. படிப்பு முடித்து ஒன்றரை வருஷம் ஓர் ஆடிட்டரிடம் வவுச்சர் டிக் அடித்தவன் நான். மூன்று மானேஜர்கள் மாறி, யாரும் யாரிடமும் சார்ஜ் ஒப்படைக்காத கம்பெனியின் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை ஒயரில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

கைக்கட்டு கனத்துக்கு ஒரு ஒயர்க் கொத்து. எஞ்சின் சூட்டிலும் உப்புக் காற்றிலும் நாற்பது வருஷம் இருந்ததில் எல்லா ஒயரும் ஏறக்குறைய ஒரே நிறம்: பழைய டிகாஷன். சிலவற்றின்மேல் பிசுபிசுவென்று இன்சுலேஷன் டேப். ஒரு இடத்தில் டேபிள் லாம்ப்புக்குப் போடுகிற தட்டை ஒயர். ஒரு இடத்தில் கையாலேயே முறுக்கி விட்ட ஜாயிண்ட். இரண்டு மூன்று ஒயர்கள் எங்கிருந்தோ வந்து, எங்கேயும் போகாமல், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி பாதியில் நின்றன.

நிறம் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு விவகாரம் இருக்கிறது. அமெரிக்கப் படகுகளுக்கு ஒரு நிற ஒழுங்கு உண்டு. ஊதா என்றால் சாவியிலிருந்து வரும் கரண்ட். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் ஸ்டார்ட்டர். வெளிர் நீலம் ஆயில் பிரஷர், காக்கி மாதிரி ஒன்று தண்ணீர்ச் சூடு, சாம்பல் நிறம் எஞ்சின் வேகம் காட்டும் மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. கறுப்புக்கு வாருங்கள். படகின் 12 வோல்ட் பாட்டரி ஒயரில் கறுப்பு என்றால் நெகடிவ், சாது. அதே படகுக்குத் துறையிலிருந்து 120 வோல்ட் கரண்டும் ஒயர் போட்டு வருகிறது. அமெரிக்க வீட்டு ஒயரிங்கில் கறுப்பு என்றால் உயிர் ஒயர். ஆக, ஒரே படகில், ஒரே நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில் ஒரு பசுவும் ஒரு புலியும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பாட்டரி நெகடிவுக்கு மஞ்சள் போடச் சொல்லிப் பிற்பாடு விதியில் சேர்த்தார்கள். 1983-ல் கட்டிய படகுக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே முதல் வேலை துறை கரண்டைப் பிடுங்குவது. இரண்டாவது வேலை பாட்டரியைக் கழற்றுவது. அதற்கப்புறம்தான் கை வைப்பது.

அத்தான் அதற்குள் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்துவிட்டார். சாப்ட்வேர்க்காரர். அவர்கள் ஊரில் எதுவும் பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்களாம். "எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசா இழுத்துடலாம் மாப்ளே."

அவரைத் தடுத்தது நான் அல்ல, பக்கத்துப் படகுக்காரர். எழுபது வயது, ஓய்வு பெற்ற டெலிபோன் லைன்மேன். காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தவர், இரண்டு முனையும் தெரியாத ஒயரை வெட்டினால், ஒரு பிரச்னை இரண்டாகும் என்றார். வெட்டிய பிறகு இரண்டு முனைக்கும் முகவரி கிடையாது. ஒன்று பில்ஜ் பம்ப்புக்குப் போகிற ஒயராக இருந்துவிட்டால், தண்ணீர் ஏறியபிறகுதான் தெரியும். சொல்லிவிட்டுத் தன் பழைய டெலிபோன் கருவி ஒன்றைக் கொடுத்தார். ஒயரின் ஒரு முனையில் மாட்டினால் "கீ... கீ..." என்று ஒரு சத்தத்தை உள்ளே அனுப்பும். இன்னொரு கையில் பேனா மாதிரி ஒன்று. அதை ஒயர்க் கொத்து ஓரமாகக் கொண்டுபோனால் சரியான ஒயர் பக்கம் வரும்போது கத்தும். மரப் பலகைக்குப் பின்னால் இருந்தாலும் கத்தும். நூறு டெலிபோன் ஜோடிகளுக்குள் உங்கள் வீட்டு ஜோடியைக் கண்டுபிடிப்பதற்கு வந்த கருவி. பரமானந்தமாக இருந்தது.

நான் கேட்டது ஒரு நீள நோட்டு. நாலு பத்தி: நம்பர், நிறம், எங்கிருந்து, எங்கே. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாசியோலி என்ற பாதிரியார் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் போட்டார். ஒவ்வொரு பைசாவுக்கும் ஒரு புறப்பட்ட இடம், ஒரு போன இடம். ஒயருக்கும் அவ்வளவுதான். வெனிஸும் படகுகள் ஊர் என்பதால் பாதிரியார் ஆட்சேபிக்க மாட்டார். ஒவ்வொரு ஒயரின் கழுத்திலும் ஒரு நம்பர்ச் சீட்டுக் கட்டினோம். அத்தான் எஞ்சின் பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்க, நான் பலகைப் பக்கம் மல்டிமீட்டரோடு. இரண்டு முனையும் ஒரே ஒயர் என்றால் மீட்டர் 'பீப்' என்னும்.

"ஏழு!"

"பீப் இல்லே. அடுத்தது."

"எட்டு!"

"பீப்! எழுதிக்கோங்க அத்தான்."

"நான் எங்கே எழுதறது, என் கை ரெண்டும் ஆயில்ல இருக்கு!"

இரண்டு நாளில் முப்பத்தியொரு ஒயருக்கு நம்பர் போட்டு, இருபத்தியாறுக்கு ஊர் பேர் கண்டுபிடித்தோம். நாலு ஒயர் இரண்டு பக்கமும் அநாதை. ஒன்று, 17-ஆம் நம்பர், பலகையில் புறப்பட்டுத் தரைக்கு அடியில் போய் இறங்கி, ஃபைபர் கிளாஸ் போட்டு மூடிய இடத்துக்குள் நுழைந்து காணாமல் போனது. 'சஸ்பென்ஸ்' என்று எழுதி வைத்தேன். பாலன்ஸ் ஷீட்டில் வைக்கலாம் என்றால் படகில் வைக்கக் கூடாதா?

மூன்றாம் நாள்தான் எனக்கு உண்மையான புதையல் கிடைத்தது. கடல் வரைபடம் வைக்கிற மேஜையின் மூடிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே ரசீதுகள். 1984-லிருந்து 2009 வரை. அத்தான் குப்பை என்று தூக்கிப் போட இருந்தார். வவுச்சரைக் குப்பை என்று சொல்பவரோடு பேசிப் பயனில்லை. டப்பாவை வீட்டுக்கு எடுத்துப்போய், தேதி வாரியாக அடுக்கி, ராத்திரி முழுக்க நோட்டில் ஒயர் நம்பருக்கு எதிரே ரசீதை டிக் அடித்தேன்.

விடிவதற்குள் இரண்டு மனிதர்கள் கிளம்பி வந்தார்கள். முதல் ஆள் நிதானஸ்தர். 1991-ல் ஒரு டாகிள் ஸ்விட்ச்சும் 16 அடி ஊதா ஒயரும் வாங்கியிருக்கிறார். கூடவே ஸ்விட்ச்சுக்கு ரப்பர் குல்லா ஒன்றும். நல்ல ஒயர், நல்ல லக், ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் சூடு காட்டிச் சுருக்கிய பிளாஸ்டிக் உறை. ரசீதின் பின்னால் பென்சிலில் சின்னப் படம்கூடப் போட்டிருக்கிறார். அவருக்கு அடுத்து வந்தவர் அவசரக்காரர். டேப், டேப், மறுபடி டேப். அந்த டேபிள் லாம்ப் ஒயர் இவர் கைவரிசை. 1999 நவம்பர், 6 அடி. ஆனால் அவர்மேலும் எனக்குக் கோபமில்லை. அதே மாதத்தில் மூன்று ரசீதுகள், மூன்றும் வெவ்வேறு ஊர்க் கடைகள், தெற்கே தெற்கே போகின்றன. பிரயாணத்தின் நடுவில் ஏதோ அணைந்துபோய், கிடைத்ததை வைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். ராத்திரி லைட் இல்லாமல் கடலில் இருப்பவனுக்கு டேபிள் லாம்ப் ஒயர் தங்கக் கம்பி.

1991 ஸ்விட்ச்சைத் தேடினோம். டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சின் மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கத்தில் வரும் சூட்டிலேயே எண்ணெய் எரியும். அதனால் ஒரு தடவை கிளம்பிவிட்டால் கரண்ட் தேவையில்லை என்பார்கள். இந்த எஞ்சினில் அதற்கு ஒரு விலக்கு உண்டு. டாங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்ப் எலெக்ட்ரிக். சாவியிலிருந்து வரும் ஊதா ஒயர்தான் அதற்குச் சாப்பாடு. அந்த ஒயர் நேராகப் பம்ப்புக்குப் போகாமல், படுக்கைக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மெத்தையை எடுத்து, பலகையைத் தூக்கி, டார்ச் அடித்தால், மூலையில் ரப்பர் குல்லா போட்டுக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது ஸ்விட்ச். திருடன் வந்தால் எஞ்சின் கிளம்பி, கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். முப்பது வருஷத்துக்கு முந்திய பூட்டு.

"மாட்டினான்!" என்று குதித்தார் அத்தான். "இவன்தான் கழுத்தறுத்திருக்கான்."

மீட்டர் வைத்தோம். பீப். ஆட்டினோம். பீப். தட்டினோம். பீப். நிதானஸ்தர் வேலை, குல்லாவுக்குள் துருகூட இல்லை. நிரபராதி. வழியில் எஞ்சின் பக்கமும் பலகைப் பக்கமும் ஆளுக்கொன்றாக இரண்டு பிளாஸ்டிக் பிளக்குகள் இருந்தன. எஞ்சினை வெளியே எடுக்கவேண்டி வந்தால் ஒயரைச் சுலபமாகப் பிரிப்பதற்கு. அவற்றையும் வைத்துப் பார்த்தோம். எல்லாப் பின்னிலும் பீப். கணக்கு முழுக்க டாலி. பணத்தை மட்டும் காணோம்.

ஆடிட்டில் இப்படி ஆகும்போது புத்தகத்தை மூடிவிட்டு ஆட்களைக் கேட்க வேண்டும் என்று என் பழைய ஆடிட்டர் சொல்வார். அதிகம் பேசாத ஆளாகப் பார்த்துக் கேட்கச் சொல்வார். எங்கள் வழக்கில் இதுவரை யாரும் விசாரிக்காத ஒரே சாட்சி அக்கா.

"அக்கா, எஞ்சின் நின்ன மூணு நாளும் என்ன விசேஷம்? மத்த நாள்ல நிக்கலையே?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "மூணு நாளும் மோர் ஜில்லுனு இருந்துச்சு."

"என்னது?"

"மத்த நாள்ல எல்லாம் போனவுடனே திரும்பிடுவோம். அந்த மூணு நாளும் நாள் பூரா அங்கேயே கெடந்தோம். உங்க அத்தான் ஃபிரிட்ஜைப் போட்டு விட்டார். பாட்டு வேற." கத்தியை வைத்தாள். "இன்னொண்ணு. திரும்பி வர்றப்போ ஏதோ ஸ்விட்ச் கருகற மாதிரி வாசனை. மூணு தடவையும் சொன்னேன். டீசல் வாசனைன்னு சொல்லிட்டார்."

அத்தான் பால்கனியைப் பார்த்தார்.

எனக்கு ரசீது டப்பா ஞாபகம் வந்தது. 1998: ஆல்டர்னேட்டர் ஒன்று, 60 ஆம்பியர். புதுசு. அதற்கு ஏற்ற தடிமனான ஒயருக்கு ரசீது தேடினேன். 1998-லும் இல்லை, 1999-லும் இல்லை. வருமானம் கூடியிருக்கிறது, பர்ஸ் பழசு.

இந்தப் பழைய படகுகளின் ஒயரிங்கில் ஒரு வினோதம் உண்டு. பலகையில் ஆம்மீட்டர் என்று ஒன்று. எத்தனை ஆம்பியர் பாட்டரிக்குப் போகிறது என்று அது காட்ட வேண்டுமானால், போகிற கரண்ட் முழுக்க அதன் வயிற்றுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். ஆல்டர்னேட்டரும் பாட்டரியும் எஞ்சின் பக்கத்தில், இரண்டடியில் இருக்கின்றன. ஆனால் கரண்ட் 14 அடி போய் மீட்டருக்கு முகம் காட்டிவிட்டு, 14 அடி திரும்பி வருகிறது. சம்பளக் கவரைப் பிரிக்காமல் ஊருக்கு எடுத்துப்போய், அப்பா எண்ணிப் பார்த்த பிறகு திரும்ப வாங்கி வருவது மாதிரி. போகும்போது இரண்டு பிளக், வரும்போது அதே இரண்டு பிளக். ஒயர் 10 கேஜ்; 28 அடிக்கு அதன் தடை ஒரு ஓமில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒயர் தாங்கும். பிளக்கில் இருக்கிற நாற்பது வருஷப் பச்சைக் களிம்பு தாங்குமா?

மீட்டர் பீப் சொன்னதே என்றால், மீட்டர் கேட்கிற கேள்வி அப்படி. ஓரிரு மில்லி ஆம்பியரை அனுப்பி, "வழி இருக்கா?" என்று கேட்கிறது. ஒற்றையடிப் பாதை இருந்தாலும் இருக்கிறது என்றுதான் பதில் வரும். அதே பாதையில் லாரி போகுமா என்று கேட்க வேண்டுமானால் லாரியை அனுப்பித்தான் பார்க்க வேண்டும். துறையில் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகளுக்கு இதனால்தான் எதுவும் அகப்படவில்லை. துறையில் சார்ஜர் போட்டு பாட்டரி எப்போதும் நிறைந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு வேலை கிடையாது. பிளக் சில்லென்று இருக்கும்.

ஆக, பாட்டரியைப் பட்டினி போட்டோம். ராத்திரி துறை கரண்டைப் பிடுங்கி, ஃபிரிட்ஜையும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வந்தோம். காலையில் 12 வோல்ட். எஞ்சினைக் கிளப்பி, கயிற்றில் கட்டியபடியே வேகம் கொடுத்தோம். ஆம்மீட்டர் முள் 30-க்கு ஏறியது. எஞ்சின் பக்கப் பிளக்கின் இந்தப் பக்கம் ஒரு ஊசி, அந்தப் பக்கம் ஒரு ஊசி, மீட்டரை வோல்ட்டில் வைத்தேன். சிவப்பு ஒயரின் ஒரே ஒரு பின்னில் 2.4 வோல்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கணக்கு சுலபம், 2.4-ஐ 30-ஆல் பெருக்குங்கள்: 72 வாட்ஸ். ரேடியோ ரிப்பேர்காரர் கையில் இருக்கிற சோல்டரிங் அயர்ன் 25 வாட்ஸ். அந்த மாதிரி மூன்றை ஒரு தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக்குக்குள் சொருகி, டீசல் எஞ்சின் பக்கத்தில் வைத்து, மேலே குழந்தையை உட்கார வைத்துப் போயிருக்கிறார்கள். தடை எவ்வளவு என்று பார்த்தால் 0.08 ஓம். என் கை மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அவ்வளவு இருக்கும். பீப் சொன்னதில் ஆச்சரியமில்லை.

"அக்கா, வந்து மோந்து பாரு."

படகுப் பக்கம் வரமாட்டேன் என்றவளைக் கரையில் நின்றால் போதும் என்று அழைத்து வந்திருந்தோம். எஞ்சின் பெட்டியைத் திறந்ததும் தெருவிலிருந்தே தலையாட்டுவது மாதிரி துறைப் பலகையிலிருந்து தலையாட்டினாள். "இதேதான்."

இருபத்தியிரண்டாவது நிமிஷம் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது. பிளக் இளகியிருந்தது. சிவப்புக்கு அடுத்த பின் ஊதா. பிளாஸ்டிக் இளகியதும் ஊதாப் பின் ஒரு நூல் அளவு சாய்ந்து பிடியை விட்டுவிடுகிறது. பம்ப்புக்குச் சாப்பாடு போச்சு. ஆறினால் இறுகித் திரும்பத் தொட்டுக்கொள்கிறது. அரை மணியில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியதன் ரகசியம் இவ்வளவுதான். எஞ்சின் நின்றதுகூட ஒரு விதத்தில் நல்லது. நிற்காமல் இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று லைன்மேன் பெரியவர் சொல்லவில்லை. கருகிய பிளக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, படகில் தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அத்தானுக்கு உடனே காட்ட முடியவில்லை.

ரிப்பேரில் சொல்ல அதிகமில்லை. இரண்டு பிளக்கையும் வெட்டி எறிந்து (இரண்டு முனையும் தெரிந்த பிறகு), ஒயர்களுக்கு லக் அடித்து, திருகாணி போடும் பட்டையில் முறுக்கினோம். எல்லாம் ஈயம் பூசிய பல இழைச் செம்பு ஒயர். ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கு நேராகக் குட்டையாகத் தடிமனாக ஒரு கேபிள், பாட்டரியின் வாசலிலேயே ஒரு பியூஸ். ஆம்மீட்டரைக் கழற்றி, அதே ஓட்டையில் வோல்ட்மீட்டர். அதற்குக் கரண்ட் போக வேண்டாம், தகவல் போனால் போதும். சம்பளக் கவரைக் காட்டாமல் சம்பளச் சீட்டைக் காட்டுவது மாதிரி. எஞ்சின் கிளம்புமுன் சூடேற்றுகிற குளோ பிளக்குகளுக்கும் ஒரு ரிலே வைத்தோம். இத்தனை நாள் அந்த 25, 30 ஆம்பியரும் பலகைவரை போய் வந்துகொண்டிருந்தது. அநாதை ஒயர் நாலையும் உருவி எடுத்தோம். டேபிள் லாம்ப் ஒயரையும்தான், கொஞ்சம் மரியாதையோடு. சாமான்கள் 214 டாலர்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தாள். குழந்தை வந்தாள். கிளிப்பர் கோவில் வேண்டுமென்றே ஐந்து மணி நேரம் ஃபிரிட்ஜை ஓட விட்டோம். திரும்பும்போது எஞ்சின் போட்டதிலிருந்து அக்கா மகள் கையில் வாட்ச்சோடு உட்கார்ந்து நிமிஷம் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபது. இருபத்தியொன்று. இருபத்தியிரண்டு என்றபோது அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் பார்த்தேன், சிவந்திருந்தது. இருபத்தி மூன்று. வோல்ட்மீட்டர் 14.1. நான் எஞ்சின் பெட்டிக்குள் கைவிட்டு புதுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கிரேன் அடியில் ஒரு கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

துறையில் கட்டிய பிறகு ரசீதுகளைத் தேதி வாரியாகப் பிஸ்கட் டப்பாவில் மேலே அடுக்கினேன். என் நோட்டின் ஜெராக்ஸ் ஒன்றும் வைத்தேன். 17-ஆம் நம்பருக்கு எதிரே இன்னும் 'சஸ்பென்ஸ்'தான். அக்கா அந்த நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்துச் செலவுக் கணக்கை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள்.

"அது சரி, ரெண்டு லிட்டர் மோர் எங்கேடா எழுதியிருக்கே?" என்றாள்.